காரைக்குடி வெயில்ல பியர்டட் டிராகன் ப்ரீடிங்: கேட்டதுக்கெல்லாம் பதில்

போன வாரம் பியர்டி (பியர்டட் டிராகன், ஆஸ்திரேலியாவோட பல்லி வகை, இப்ப வீட்டுல வளக்கறது) ப்ரீடிங் பத்தி கேளுங்கன்னு சொன்னேன், நெறைய வந்துருக்கு. முக்காவாசி பேர் கேட்டது கலர் பத்திதான். கலர் பத்தியும் சொல்றேன், ஆனா வலுவான ரத்தம் இல்லாம கலர வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, அதனால அந்தப் பக்கம் கொஞ்சம் கூடவே பேசுவேன்.

தேவகோட்டை: அண்ணே, என்கிட்ட சிட்ரஸ் (எலுமிச்ச மஞ்சள் கலர்) ஆண் ஒண்ணு, சாதா பெண் ஒண்ணு இருக்கு. குட்டியெல்லாம் மஞ்சளா வருமா?

வராது தம்பி. சிட்ரஸ், ரெட் இதெல்லாம் ஒரே ஜீன்ல வர்ற கலர் இல்ல, பல ஜீன் சேந்து குடுக்கறது. அமெரிக்காவுல சாண்ட்ஃபயர்னு ஒரு செவப்பு லைன் இருக்கு, அதெல்லாம் தலைமுறை தலைமுறையா நல்ல கலர் உள்ளத மட்டும் பொறுக்கி பொறுக்கி சேத்து வந்தது. உங்க ஜோடியில சிலது மஞ்சள் பக்கம் சாயும், சிலது அம்மா மாதிரியே மணல் கலர்ல இருக்கும், அதுல நல்லா சாப்புட்டு நல்லா வளர்றதா பாத்து, கலரும் இருக்கறத மட்டும் நிறுத்துங்க. ஹைப்போ (கறுப்பு கம்மியா இருக்கறது), டிரான்ஸ் (தோல் கண்ணாடி மாதிரி இருக்கறது) கணக்கு வேற. அதெல்லாம் ரிசஸிவ், அப்பா அம்மா ரெண்டு பக்கமும் ஜீன் வந்தாதான் வெளிய தெரியும். ஹெட்டையும் (ஒரு பக்கம் மட்டும் ஜீன் வந்து, வெளிய தெரியாம சொமக்கறது) ஹெட்டையும் போட்டா நாலுல ஒண்ணு காட்டும், மிச்சம் சாதாவா தெரியறதுல மூணுக்கு ரெண்டு ஜீன சொமக்கும், எது சொமக்குதுன்னு கண்ணால சொல்ல முடியாது. அதத்தான் கடையில '66 சதவீதம் ஹெட்'னு போட்டு விக்கறாங்க.

புதுவயல்: கேரட், குடமிளகா நெறைய குடுத்தா செவக்குமா?

ரத்தத்துல இல்லாத செவப்பு தீனியில வராது. நல்லா சாப்புடற பியர்டி இருக்கற கலர பளிச்சுனு காட்டும், அவ்வளவுதான். கலருக்குன்னு விட்டமின் ஏ பவுடர அள்ளிப் போடாதீங்க, ஒடம்புல தங்கி வெஷமாயிரும். நம்ம வீட்டு முருங்கக்கீரை, செம்பருத்திப் பூ, சப்பாத்திக்கள்ளி மடல் (முள்ள சுத்தமா எடுத்துட்டு) இதெல்லாம் அருமையான தீனி. பசலக்கீரை எப்பவாவது போதும், அது கால்சியத்த புடிச்சு வச்சுக்கும். மின்மினிப்பூச்சி மட்டும் வாயில பட்டுறவே கூடாது, ஒண்ணே ஒண்ணு தின்னாலும் செத்துப்போயிரும்.

பள்ளத்தூர்: லெதர்பேக் (செதில் சின்னதா உள்ளது) ஆணும் லெதர்பேக் பெண்ணும் கையில இருக்கு. சேத்தா சில்க்பேக் வருமாமே, அது நல்ல வெலைக்கு போகும்ங்கறாங்க.

வரும், நாலுல ஒண்ணு. ஆனா தயவுசெஞ்சு சேக்காதீங்க. சில்க்பேக்குக்கு செதிலே கெடையாது, மொட்டத் தோல். நம்ம வறண்ட காத்துல அந்தத் தோல் காய்ஞ்சு வெடிக்கும், வெயிலுக்குப் பதிலா போடற யூவிபி பல்புலயே பொசுங்கும், உரிக்கறப்ப வெரல் நுனியில பழைய தோல் இறுகி வெரலே போயிரும். வாழ்நாள் பூரா அந்த ஜீவன் செரமப்படணும். ஒரு லெதர்பேக்க சாதா தோல் உள்ளதோட போடுங்க, பாதி குட்டி லெதர்பேக்காவே வரும், அதோட செதில் சின்னதா இருக்கறதால கலரும் நல்லாத் தெரியும். இந்த ஒரு விஷயத்துல நான் யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன்.

கானாடுகாத்தான்: தம்பி, பேரன் வளக்குறான். முட்டைய வளவு வீட்டு உள்ரூம்ல வச்சுட்டா போதுமா, இன்குபேட்டர் அவசியமா?

ஆச்சி, இதுதான் இன்னைக்கு வந்ததுலயே முக்கியமான கேள்வி. மத்த ஊர்ல முட்டைக்கு சூடு குடுக்கத்தான் இன்குபேட்டர், நமக்கு சூட்டக் கொறைக்கத்தான் வேணும். 28லேர்ந்து 29 டிகிரிதான் சரி, அதுல 55லேர்ந்து 75 நாளுக்குள்ள பொரியும். உள்ரூம் சொவரு கனமா சுண்ணாம்புச் சாந்துல இருக்கறதால முற்றத்தவிட குளுமையாத்தான் இருக்கும், ஆனா சித்திரையில அதுவும் 32ஐத் தாண்டிரும். தாண்டினா என்னாகும்னா, பியர்டியில ஆணா பெண்ணான்னு சொல்ற குரோமோசோம் ஆணுக்கு இசட்இசட், பெண்ணுக்கு இசட்டபிள்யூ, கோழி மாதிரிதான், ஆனா சூடு 32க்கு மேல போகப் போக இசட்இசட் முட்டையும் பெண்ணா மாறிப் பொரியும். 2007லயே ஆஸ்திரேலியாக்காரங்க இத கண்டுபுடிச்சுட்டாங்க, 2015ல காட்டுலயே இப்படி மாறுன பெண் இருக்கறதையும் காட்டுனாங்க. அந்த மாதிரிப் பெண் நல்லாவே முட்டை போடும், ஆனா அத சாதா ஆணோட சேத்தா வர்றது அத்தனையும் இசட்இசட், அப்பறம் அந்த லைன்ல ஆணா பெண்ணாங்கறத சூடுதான் முடிவு பண்ணும். நாலு தலைமுறை கழிச்சு ஏன் ஒரே ஆணா பொரியுதுன்னு மண்டைய ஒடச்சுக்கறவங்களுக்கு வெவரம் இங்கதான் இருக்கு.

தெர்மாகோல் பெட்டியில ஐஸ் பாட்டில் வைக்கறது வேண்டாம் ஆச்சி, சூடு ஏறி ஏறி எறங்கும். சூடாக்கறதும் குளுராக்கறதும் ரெண்டும் பண்ற சின்ன கார் ஃபிரிட்ஜ், ஒரு தெர்மோஸ்டாட், கரண்டு போனா தாங்க இன்வெர்ட்டர், இது போதும். அதிகபட்சம் கொறஞ்சபட்சம் காட்டற தெர்மாமீட்டர் ஒண்ண உள்ள வச்சு ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு அப்பறம் முட்டைய வைக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, பேரன்கிட்ட முட்டைய உருட்டக்கூடாதுன்னு சொல்லுங்க, எப்படி எடுத்தோமோ அப்படியே, மேல பென்சில்ல ஒரு புள்ளி. ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு இருட்டுல சின்ன டார்ச்ச பக்கத்துல புடிச்சா உள்ள ரோஸ் கலர்ல நரம்பு வலை மாதிரி ஓடும், அது உயிர் உள்ள முட்டை. மஞ்சளாவே ஒளி விட்டுட்டு சுருங்கிப் பூஞ்சை புடிச்சா எடுத்துரலாம்.

திருமயம்: எந்த மாசம் ஜோடி சேத்தா நல்லது?

நமக்கு லைட்டு கையில இருக்கு, அதனால வெயில் காலத்த தாண்டி ஓட்டலாம். புரட்டாசி ஐப்பசியில லைட்ட 14 மணி நேரத்துலேர்ந்து மெல்ல 9, 10க்கு கொறைங்க, மழ மூட்டமும் சேந்துக்கும். முழுசா தூங்காது, மந்தமாகும், போதும். கார்த்திகையில லைட்ட பழையபடி ஏத்தி, ரெண்டும் நல்லா சாப்புட ஆரம்பிச்சப்பறம் சேருங்க, மார்கழி தையில முட்டை, முட்டை உள்ள இருக்கற காலமும் நம்ம ஊரு குளுமையான காலமும் ஒண்ணா போயிரும். பெண்ணுக்கு ஒன்றரை வயசாவது ஆகி 350 கிராமுக்கு மேல இருக்கணும், எல்லாம் கூடி வந்தாலும் ரெண்டு வயசு வரைக்கும் நான் பொறுப்பேன். ஒரு தடவ சேந்தா விந்த உள்ள வச்சுக்கிட்டு ரெண்டாவது மூணாவது ஈடும் போடும், ஒரு ஈட்டுல 15லேர்ந்து 30 வரைக்கும் வரும். அதனால அந்த சீசன் பூரா வேற ஆண விடாதீங்க, விட்டா அப்பன் யாருன்னு நோட்டுல எழுத முடியாது.

காரைக்குடி: அண்ணன் தங்கச்சிய சேத்தா என்ன? கலர் சீக்கிரம் நிக்கும்னு சொல்றாங்களே.

நிக்கும், கூடவே கோளாறும் நிக்கும். பொரிப்பு கொறையும், குட்டி சின்னதாப் போகும், வாலு வளையும், எதிர்ப்பு சக்தி போயிரும். இந்தியாவுக்குள்ள ஓடறது கொஞ்சம் ரத்தந்தான், ஆஸ்திரேலியா 1960கள்லேர்ந்தே காட்டு விலங்க வெளிய விடறதில்ல, அதனால உலகம் பூராவும் பெட்டா இருக்கறதெல்லாம் ஏற்கனவே ஒரு சின்ன கூட்டத்துலேர்ந்து வந்தது. கடையில 'வேற வேற லைன்'னு சொன்னா, எந்த ஊரு, யாருகிட்ட, எந்த வருஷம்னு கேளுங்க. பதில் இல்லேன்னா ரெண்டும் ஒரே ஈடுன்னு நெனச்சுக்கிட்டு நடங்க. நல்ல கலருக்காக ஒரு தடவ நெருங்கின சொந்தத்துல போட்டாலும் அடுத்தது கண்டிப்பா வெளி ரத்தம், அது கலர் மங்கலா இருந்தாலும் சரி.

கோட்டையூர்: புதுசா ஒண்ணு வாங்கினேன், நல்லாத்தான் இருக்கு. நேரா சேத்துரலாமா?

வேண்டவே வேண்டாம். மூணு மாசம் தனி ரூம், தனி தண்ணி, தனி கைத்துணி. அடினோவைரஸ் சொமக்கற பெரிய பியர்டி பளபளன்னு இருக்கும், அதோட குட்டிதான் வளராம, தலைய மேல தூக்கி வானத்தப் பாத்துக்கிட்டே சாகும். அதுக்கு மலத்துலயோ ஸ்வாப்லயோ பிசிஆர் டெஸ்ட் பண்ணணும், ஒரு தடவ இல்லேன்னு வந்தா இன்னொரு தடவ எடுங்க. காக்சிடியாவுக்கு (குடல் ஒட்டுண்ணி) மைக்ரோஸ்கோப் இருக்கற எந்த மாட்டு டாக்டரும் மலம் பாத்து சொல்லிருவாரு. ஊர்வன பாத்துப் பழகுன டாக்டர் நம்ம பக்கம் கொறவு, வேப்பேரி கால்நடை காலேஜ், ஒரத்தநாடு கால்நடை காலேஜ் ரெண்டுக்கும் போன் அடிச்சுக் கேட்டுட்டு கெளம்புங்க.

குன்றக்குடி: வேலியில இருக்கற ஓணானோட சேந்து குட்டி போடுமா?

போடாது, ரெண்டும் ஒரே குடும்பம்னாலும் ரொம்ப தூரத்து சொந்தம். ஓணான புடிச்சு உள்ள விட்டா ஒட்டுண்ணிதான் சேரும்.

செக்காலை: குட்டியில எது நல்ல கலர்னு எப்பப் பாத்து பிரிக்கறது?

காலையில பாக்காதீங்க, சூடு இழுக்கறதுக்காக எல்லாமே கறுத்துப் போய்க் கெடக்கும். லைட்டுக்கடியில அரைமணி நேரம் காஞ்சப்பறம், ஃபிளாஷ் இல்லாம, ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க. ஆறு எட்டு வாரத்துல ஓரளவு தெரியும், நெஜக் கலர் வளந்து முடிச்சாதான். அதனால எட்டு வாரம் வரைக்கும் எதையும் விக்காம, அப்பன் ஆத்தா போட்டோ, முட்டை போட்ட தேதி, பொரிஞ்ச தேதி, வச்ச சூடு, வாராவாரம் எடை எல்லாத்தையும் ஒரு நோட்டுல ஏத்துங்க, குட்டியோட அந்தப் பக்கத்தோட ஜெராக்ஸும் வாங்கறவங்க கையில போகட்டும்.