ஸ்டே கம்பியின் இழுவிசை: மென்பொருள் தரும் எண்ணைக் கையால் சரிபார்த்தல்

கேள்வி: 11 கே.வி. பாதை 30 பாகை திரும்பும் இடத்தில் உள்ள கம்பத்துக்கு ஸ்டே (கம்பம் சாயாமல் தரையோடு இழுத்துக் கட்டும் கம்பி) வடிவமைக்கிறேன். கண்டக்டர் (மின்கம்பி) மூன்றும் ஏ.சி.எஸ்.ஆர். ராபிட் (எஃகு உள்ளிழை கொண்ட அலுமினியக் கம்பி வகை), ஸ்பேன் (இரு கம்பங்களுக்கு இடைப்பட்ட தூரம்) 60 மீட்டர். சுமைக் காரணிகள் (பாதுகாப்புக்காகச் சுமையைக் கூட்டும் பெருக்கெண்கள்) அனைத்தையும் 1 என வைத்தபோது, ஸ்டேயில் 22.6 கிலோநியூட்டன் இழுவிசை என்று மென்பொருள் சொல்கிறது. 7/4.00 மி.மீ. கம்பிக்கு (4 மி.மீ. இழைகள் ஏழு முறுக்கியது) பயன்பாடு, அதாவது கம்பியின் வலிமையில் இழுவிசை எடுக்கும் பங்கு, 43 விழுக்காடு, 7/3.15 மி.மீ. கம்பிக்கும் 69 விழுக்காடுதான். மெல்லிய கம்பியையே போடலாமா?

பதில்: கூடாது. இழுவிசை எண் சரியாக இருக்கிறது. அதைக் கம்பியின் வலிமையோடு ஒப்பிட்ட முறைதான் நம் விதிக்குப் பொருந்தவில்லை.

முதலில் இழுவிசையைப் பார்ப்போம். ராபிட்டின் முறிவு வலிமை 18.25 கிலோநியூட்டன். கண்டக்டருக்குப் பாதுகாப்புக் காரணி 2 (முறிவு வலிமையில் பாதிவரை மட்டுமே இழுக்கலாம்) என்பதால், அதிகபட்ச இழுவிசையை 9 கிலோநியூட்டன் எனக் கொள்ளலாம். திருப்பத்தில் ஒவ்வொரு கண்டக்டரும் கம்பத்தைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை, இழுவிசையின் இரு மடங்கைத் திருப்பக் கோணத்தின் பாதிக்குரிய சைன் மதிப்பால் பெருக்கக் கிடைப்பது. மூன்றுக்கும் சேர்த்து 14 கிலோநியூட்டன். சதுர மீட்டருக்கு 750 நியூட்டன் காற்றழுத்தம் என்றால், கண்டக்டர்களின் மேல் படும் காற்று மேலும் 1.3 சேர்க்கும். இந்த 15.3 கிலோநியூட்டன் தரையிலிருந்து 7.3 மீட்டரில் செயல்பட, ஸ்டே 6.9 மீட்டரில் கட்டப்பட்டிருந்தால், ஸ்டே தாங்க வேண்டிய கிடைவிசை 16.2 ஆகும். ஸ்டே கம்பத்தோடு 45 பாகையில் இருந்தால் இழுவிசை 22.9. கம்பத்தின் மேல் படும் காற்றையும், கம்பத்தின் அடி தானே தாங்கும் பங்கையும் நான் சேர்க்கவில்லை. இரண்டும் எதிரெதிராக வேலை செய்பவை. ஆகவே பத்து விழுக்காடு வரையிலான வேறுபாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வேறுபாடு பல மடங்கானால், திருப்பக் கோணமான 30-க்குப் பதிலாக இரு ஸ்பேன்களுக்கு இடைப்பட்ட 150 உள்ளிடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கண்டக்டர் இழுப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும்.

இனி வலிமை. அமெரிக்காவின் என்.இ.எஸ்.சி. (தேசிய மின் பாதுகாப்பு விதித்தொகுப்பு) விதியில் சுமையைக் காரணிகளால் பெருக்கிய பிறகே ஸ்டே கம்பியின் வலிமையை 0.9-ஆல் குறைப்பார்கள், வலிமை அதிகம் கேட்கும் பி கிரேடு கட்டுமானத்தில் கம்பி இழுவிசைக்கான காரணி 1.65. உங்கள் விழுக்காடுகளும் இந்த 0.9-ஐ வைத்தே வந்திருக்கின்றன; நீங்கள் சுமைக் காரணிகளை 1 ஆக்கிவிட்டு அதை அப்படியே விட்டதால், அந்த விதியும் நிறைவேறவில்லை. முறிவு வலிமையின் மேல் 2.5 பாதுகாப்புக் காரணி கேட்கும் இந்திய விதியும் நிறைவேறவில்லை. சதுர மி.மீ.க்கு 700 நியூட்டன் தரத்தில் 7/3.15 கம்பி முறுக்கப்பட்ட நிலையில் சுமார் 36 கிலோநியூட்டன் தாங்கும்; 2.5-ஆல் வகுத்தால் 14.5. உங்கள் தேவை 22.6. 7/4.00 கம்பிக்கு அனுமதி 23.4, மயிரிழையில் தேறுகிறது. இடமில்லை என்று ஸ்டேயைக் கம்பத்திலிருந்து 4 மீட்டருக்குள் கொண்டுவந்தால் கோணம் 30 பாகையாகும், இழுவிசை 32-ஐத் தாண்டும், அப்போது அதுவும் போதாது.

எனக்குக் கம்பியைவிட, அதன் கீழ்முனையை மண்ணுக்குள் பிடித்திருக்கும் ஆங்கரைப் பற்றியே கவலை அதிகம். மென்பொருள் பெரும்பாலும் ஆங்கரின் தாங்குதிறனை நீங்கள் தரும் ஓர் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். உங்கள் வயலின் மண் அதற்குத் தெரியாது. 300 மி.மீ. சதுர பிளேட்டை 1.5 மீட்டர் செங்குத்து ஆழத்தில் வைத்தால், காய்ந்த சாதாரண மண்ணில் அதன் மேல், செங்குத்திலிருந்து 30 பாகையில் மேல்நோக்கி விரியும் மண்ணின் எடை, கன மீட்டருக்கு 1,440 கிலோ என்ற கணக்கில், 34 கிலோநியூட்டன். ஸ்டேயின் மேல்நோக்கிய இழுப்பு 16.2, எனவே இரு மடங்குக்குச் சற்று மேல் கிடைக்கிறது. அதே குழி நீர் நிற்கும் நெல்வயலில் இருந்தால் விரிவு 15 பாகை, எடை 940 கிலோ என்றே கொள்ள வேண்டும், தாங்குவது 7.6 கிலோநியூட்டன் மட்டுமே. வரைபடம் மாறவில்லை, மென்பொருள் காட்டும் விழுக்காடும் மாறவில்லை, ஆனால் மழைக்காலத்தில் ஆங்கர் பிடுங்கிக்கொண்டு வரும்.

ஸ்டேயை ஆங்கர் பிளேட்டோடு இணைக்கும் ராடின் நீளத்தை ஆழமாகக் கணக்கிடாதீர்கள். 1.8 மீட்டர் ராடு 45 பாகையில் முழுதும் புதைந்தாலும் ஆழம் 1.27 மீட்டர்தான், 1.5 மீட்டர் ஆழத்துக்கு மண்ணுக்குள் மட்டும் 2.1 மீட்டர் ராடு வேண்டும். நீர் நிற்கும் நிலமானால் கான்கிரீட் இட்ட இரண்டு ஆங்கர்களுக்குத் திட்டமிடுங்கள். ஒன்றின் மேல் உள்ள மண் மற்றதன் மண்ணோடு கலந்து எண்ணப்படாத அளவுக்கு அவற்றின் குழிகள் விலகி இருக்க வேண்டும்.