மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் தீர நீங்கள் என்ன மாற்றம் செய்தீர்கள்?

எனக்கு இது எட்டு வருடத் தொல்லை. கூடுவாஞ்சேரியில் வீடு, பாரிமுனையில் வேலை. காலையில் காபி குடித்ததும் வயிறு கலக்கும். மணியைப் பார்த்தால் ஆறு. ஆறு பத்துக்கு ரயில். சரி, ஆபீஸ் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அடக்கிக்கொண்டு ஓடுவேன். ஆபீஸ் போனால் வராது. மூன்று நாளைக்கு ஒருமுறை, அதுவும் கல் மாதிரி.

நார்ச்சத்து போதவில்லை என்று நானே முடிவு கட்டி, ஒரே வாரத்தில் ஓட்ஸ், சுண்டல், முளைகட்டிய பயறு என்று அள்ளிப் போட்டேன். வயிறு பானை மாதிரி ஊதியதுதான் மிச்சம். குடல் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தை நொதிக்க வைக்கும்போது வாயு வரும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், தண்ணீரும் கூடவே கூட வேண்டும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் டாக்டரிடம் போனேன். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார் என நினைத்தேன். "காலையில் எத்தனை மணிக்கு டாய்லெட் போவீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். இரைப்பையில் ஏதாவது விழுந்ததும் பெருங்குடல் தானாகத் தள்ள ஆரம்பிக்குமாம். காலையில்தான் அந்த வேகம் அதிகம். அதை அடக்கினால் உள்ளே தங்கும் மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் இறுகிவிடும். நாளடைவில் அந்த உணர்வே மழுங்கிப்போகும்.

ஆக, நான் மாற்றியது முதலில் அலாரத்தைத்தான். அரை மணி முன்னால் எழுந்து, வெந்நீரும் இரண்டு இட்லியும் உள்ளே போன பிறகு பத்து நிமிடம் உட்காருவேன். போன் வெளியே இருக்கும். எங்கள் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட். காலுக்குக் கீழே ஒரு குட்டி முக்காலி போட்டுக்கொண்டால் குந்தி உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும், முக்க வேண்டியதில்லை. பலன் தெரிய ஒரு மாதம் பிடித்தது.

சாப்பாடு அதற்கு அப்புறம்தான். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். வெள்ளைச் சோற்றில் அது பெயருக்குத்தான் இருக்கிறது. ஆகவே சோற்றைக் குறைத்துப் பொரியலைக் கூட்டினேன். தினம் ஒரு கொய்யா. வாழைத்தண்டு நறுக்குவது என் பொறுப்பு என்று ஆனதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ராத்திரி ஒன்பதரைக்குப் பரோட்டா தின்று பத்து மணிக்குப் படுப்பதை விட்டதும் புளியேப்பமும் போயிற்று.

ஒன்று மட்டும். மலத்தில் ரத்தம், கறுப்பு நிறம், காரணமில்லாமல் எடை குறைவது, மலம் போகும் வழக்கம் திடீரென்று மாறுவது என்று ஏதாவது இருந்தால் கொய்யாவை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகப் போகும். அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இத்தனை செய்தும் சில நாள் ஆறு பத்தை விட்டுவிடுகிறேன். அடுத்த ரயிலில் உட்கார இடம் கிடைப்பதில்லை. பரவாயில்லை.