அடைத்த ஜன்னலின் தடத்தை மறைக்க வேண்டாம்

மறைக்காதீர்கள், ஜன்னலாகவே காட்டுங்கள். சேலம் அஸ்தம்பட்டி வீட்டின் மேற்குச் சுவரில் வெயிலுக்காக மூன்று ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தீர்கள், இரண்டு தடவை பெயிண்ட் அடித்தும் சதுரத் தடம் தெரிகிறது என்கிறீர்கள். இன்னும் பத்துத் தடவை அடித்தாலும் தெரியும்.

பழைய சுவரும் புதுக் கட்டும் சேரும் இடத்தில் கோழிவலை (மெல்லிய கம்பிவலை) வைக்காமல் பூசியிருப்பார்கள். சேலத்து வெயிலில் இரண்டும் ஒரே மாதிரி விரிந்து சுருங்குவதில்லை, முடி அளவுக்கு வெடிப்பு ஓடும். ஓரத்தில் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்து, இணைப்பின் இருபுறமும் அரை அடிக்கு வலை அடித்துப் பூசுங்கள். பூச்சு இறுக ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி நனைத்து வர வேண்டும்.

அப்படிப் பூசும்போது சுவர் மட்டம் வரை வராமல் இரண்டு அங்குலம் உள்ளே நிறுத்துங்கள். சன்ஷேடை இடிக்க வேண்டாம். பள்ளத்தின் விளிம்பில் விழும் நிழல்தான் வெற்றுச் சுவருக்கு உயிர் தருகிறது. இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை, வீட்டு ஜன்னல்களின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்கும் ஜன்னல் வரி இருந்தது. அதைத் தவிர்க்க அடைத்த ஜன்னல்கள் பழைய வீடுகளில் இன்றும் இப்படிப் பள்ளமாகவே நிற்கின்றன, கண்ணுக்கு உறுத்துவதில்லை.

பள்ளத்துக்குள் சுவரைவிட ஒரு படி கருத்த நிறம் போதும். எனக்குப் பிடித்தது, மூடிய ஜன்னல் போலச் சாய்பலகை வைத்த தேக்குக் கதவு. ஆனால் மரத்தைச் சுவரோடு ஒட்டாதீர்கள், அரை அங்குலமாவது இடைவெளி விடுங்கள். ஏற்காட்டில் ஒட்டி வைத்த பலகையைக் கழற்றியபோது பின்பக்கம் முழுக்கப் பூஞ்சை. அப்புறம், பள்ளத்தின் அடிப்பகுதி வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கட்டும். இல்லாவிட்டால் மழைநீர் அங்கேயே தேங்கும்.