1976 ஜிஎம்சி மோட்டார்ஹோம் (வீடுபோல் தங்கும் வசதியுள்ள வண்டி) மணிக்கு 55 மைல் வேகத்தில் நடுங்குகிறது. வீல் பேலன்ஸிங் செய்தால் போதுமா?

முதலில் டயரின் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் உள்ள டாட் (DOT) எண், அதாவது தயாரிப்புக் குறியீடு, 2316 என்று முடிந்தால், அது 2016-இன் 23-ஆவது வாரத் தயாரிப்பு. இந்தப் பழைய வண்டிகள் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்பவை. நின்ற இடத்திலேயே டயரின் தரையில் படும் பகுதி தட்டையாகிவிடும். கொஞ்சம் ஓடிச் சூடானதும் நடுக்கம் குறைந்தால் காரணம் அதுதான். பேலன்ஸுக்காக ரிம்மில் எவ்வளவு ஈயக்கட்டி அடித்தாலும் அது தீராது.

சரி, டயர் நல்லதென்றால்? ஸ்டீயரிங் உதறினால் பெரும்பாலும் முன்சக்கரம், இருக்கை அதிர்ந்தால் பின்சக்கரம். ஆறு சக்கரங்களையும் கழற்றி, மெஷினில் டைனமிக் பேலன்ஸ் (சுழற்றிப் பார்த்துச் செய்யும் பேலன்ஸ்) செய்யச் சொல்லுங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் அதிர்கிறதா? முன்சக்கர இழுவை வண்டி என்பதால் முன்சக்கரங்களைச் சுழற்றும் அச்சின் ஜாயின்டைச் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், இதன் பழைய ரிம் 16.5 அங்குலம். அதில் 16 அங்குல டயரை ஏற்றவே கூடாது; காற்றடிக்கும்போதே வெடிக்கலாம்.