மான் வேட்டைக்கு லீவு விட்ட ஊர்: வாசகர் கேள்விகள்

நான் வளர்ந்த பென்சில்வேனியா ஊரான பங்க்ஸடானியைப் பற்றிச் சென்ற இதழில் கொஞ்சம் எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அமெரிக்கா என்றால் நியூயார்க், சிகாகோ என்றுதான் போவார்கள். உங்கள் அப்பா ஏன் அந்தச் சின்ன ஊரைத் தேர்ந்தெடுத்தார்?
- வாசகர், திருச்சி

தேர்ந்தெடுக்கவெல்லாம் இல்லை. ஊருக்கு டாக்டர் தேவைப்பட்டது, அப்பாவுக்கு வேலை தேவைப்பட்டது. 1965இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு நம்மூர் டாக்டர்கள் நிறையப் பேர் போனார்கள். பெரிய நகரங்களில் பயிற்சி முடித்தவர்களில் பலர், உள்ளூர் டாக்டர்கள் போக விரும்பாத இடங்களில் போய் உட்கார்ந்தார்கள். எங்கள் ஊர் அப்படிப்பட்ட நிலக்கரி ஊர். பிட்ஸ்பர்கிலிருந்து ஏறக்குறைய 80 மைல். 1980 கணக்கெடுப்பில் 7,479 பேர், அதில் நாங்கள் நாலு பேர்.

அப்பாவிடம் வந்தவர்களில் பலர் சுரங்க வேலையில் நெஞ்சில் கரித்தூசி படிந்தவர்கள். 1969இல் வந்த ஒரு சட்டப்படி அந்த நோய்க்கு உதவித்தொகை உண்டு. அதற்கான எக்ஸ்ரே படங்களைச் சில ராத்திரிகளில் சாப்பாட்டு மேஜை விளக்கில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் நீச்சல் குளம் இருந்ததா என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா.

கிரவுண்ட்ஹாக் ஒன்று குளிர்காலத்துக்கு ஜோசியம் சொல்வதை ஹாலிவுட் படத்தில் பார்த்தேன். அது உங்கள் ஊர்தானா?
- வாசகி, மதுரை

கதையில் வரும் ஊர் எங்களுடையது. 1993இல் வந்த அந்தப் படத்தை எடுத்தது என்னவோ இல்லினாய் மாநிலத்து உட்ஸ்டாக்கில்! எங்கள் ஊர்க்காரர்களிடம் இதைக் கிளறாதீர்கள்.

சடங்கு நிஜம். பிப்ரவரி 2 விடியற்காலையில், ஊருக்கு வெளியே காப்ளர்ஸ் நாப் என்ற மேட்டில் கூடுவார்கள். உயரத் தொப்பியும் கறுப்புக் கோட்டும் போட்ட ஊர்ப் பெரியவர்கள், ஃபில் என்ற அந்தப் பிராணியை வெளியே தூக்குவார்கள். அணில் குடும்பம்தான், ஆனால் பூனை பருமன் இருக்கும். நிழலைப் பார்த்துவிட்டால் இன்னும் ஆறு வாரம் குளிர். பார்க்கவில்லை என்றால் வசந்தம் சீக்கிரம் வரும். ஜெர்மன் குடியேறிகள் கொண்டுவந்த நம்பிக்கை இது, அந்த மேட்டில் 1887 முதல் நடக்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை ஒரே ஃபில்தான் என்று அந்தத் தொப்பிக்காரப் பெரியவர்கள் சிரிக்காமல் சொல்வார்கள். வருஷா வருஷம் ஏதோ அமுதம் கொடுக்கிறார்களாம்.

பல்லி விழும் பலனுக்குப் பஞ்சாங்கம் புரட்டுகிற வீடு எங்களுடையது. அதனால் அம்மா கேலி செய்யவில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார்: “நிழல் விழுந்தா வெயில் அடிக்குதுன்னுதானே அர்த்தம்? அப்புறம் எப்படிக் குளிர் நீளும்?” நான் இதை மொழிபெயர்த்துப் பக்கத்தில் நின்ற தாத்தாவிடம் கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு எனக்குச் சூடான சாக்லேட் வாங்கிக் கொடுத்தார்.

மான் வேட்டைக்குப் பள்ளிக்கூடமே லீவு விடும் என்று எழுதியிருந்தீர்கள். சைவக் குடும்பம் அங்கே எப்படிக் காலம் தள்ளியது?
- வாசகி, கும்பகோணம்

நவம்பர் கடைசி வாரம் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி சொல்லும் பண்டிகை. அதற்கடுத்த திங்கட்கிழமை ஆண் மான் வேட்டை தொடங்கும். அன்று பையன்கள் மட்டுமில்லை, வாத்தியார்களும் காட்டில்தான் இருப்பார்கள். லீவு விடாமல் என்ன செய்வது? 2019இல் தொடக்க நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் காலத்தில் அந்தத் திங்கள் தீபாவளி மாதிரி. ஆரஞ்சு உடுப்பு, விடியுமுன் துப்பாக்கிச் சத்தம், சாயங்காலம் பிக்கப் வண்டிகளில் மான்கள்.

அப்பாவிடம் குணமானவர்கள் நன்றிக்கு மான் கறி கொண்டுவருவார்கள். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். கராஜில் இருந்த ஃப்ரீஸரில் வைத்துவிட்டு, இருட்டியதும் தெருக்கோடியில் இருந்த நர்ஸம்மா வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார். பரம ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மறு வருஷம் மான் கறியே வரவில்லை. மேப்பிள் சிரப், ஆப்பிள் ஜாம், பரங்கிக்காய் என்று வாசலில் குவிந்தது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாருக்கும் தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாத ஊர். அதன் தொந்தரவும் அதுதான், அருமையும் அதுதான்.

சமையலா? கடையில் கஞ்சிக்கு விற்கும் அரிசி ரவை, மிக்ஸியில் அரைத்த உளுந்து. மாவு பொங்குவதற்கு ராத்திரி முழுக்க ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைப்பார். இட்லி கொஞ்சம் அழுத்தமாகத்தான் வரும். தேங்காய்த் துருவல் பாக்கெட்டில் கிடைத்தது, ஆனால் சர்க்கரை போட்டிருப்பார்கள்.

நிறத்தை வைத்து உங்களை ஒதுக்கினார்களா?
- வாசகர், கோவை

ஊருக்குள் இல்லை என்றே சொல்லலாம். 1979 நவம்பரில் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்களைப் பிணை பிடித்தார்கள் அல்லவா, 444 நாள் நீண்டதே, அப்போது வெளியூரில் ஒரு ஃபுட்பால் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். சில பையன்கள் “இரானுக்கே திரும்பிப் போ” என்று கத்தினார்கள். எங்கள் வகுப்புப் பையன்கள் சண்டைக்குப் போனார்கள். “அவள் எங்கள் டாக்டர் பொண்ணு” என்றார்கள். ரொம்பப் பெருமையாக இருந்தது. பல வருஷம் கழித்துத்தான் உறுத்தியது. அப்பா டாக்டராக இல்லாமல் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? இன்றுவரை இந்தக் கேள்வியை நான் விடவில்லை.

தமிழை எப்படி மறக்காமல் இருந்தீர்கள்?
- வாசகி, நாகர்கோவில்

பாட்டி எழுதும் நீல நிற ஏரோகிராமை நான்தான் சத்தமாக வாசிக்க வேண்டும். அப்புறம், பிட்ஸ்பர்க் பெருமாள் கோயில். மலைமேல் வெள்ளையாக எழுபதுகளிலேயே எழுந்த கோயில் அது. அங்கே மற்றத் தமிழ்ப் பிள்ளைகளைப் பார்க்கலாம். பக்தி என்று சொன்னால் பொய். புளியோதரைக்காகத்தான் காரில் ஏறுவேன்.

மகன் பிட்ஸ்பர்கில் இருக்கிறான். பிப்ரவரி 2 அன்று உங்கள் ஊருக்குப் போய்ப் பார்க்கலாமா?
- வாசகர், சேலம்

தாராளமாக. ஆனால் 2020 கணக்கெடுப்பில் ஆறாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் அன்று ஆயிரக்கணக்கில் கூட்டம். அறை கிடைக்காது, மாதக்கணக்கில் முன்னாலேயே சொல்லி வையுங்கள். மேட்டில் காரை நிறுத்த முடியாது, ஊருக்குள்ளிருந்து பஸ் விடுவார்கள். நடுராத்திரி தாண்டியதுமே ஜனம் ஏறத் தொடங்கிவிடும். இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் போடுங்கள். குளிர் ஒத்துக்கொள்ளாது என்றால் ஜூலையில் போங்கள். மற்ற நாட்களில் ஃபில் பெரும்பாலும் இருப்பது ஊர் நூலகத்தில். கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், காசு கிடையாது.