இதய உறை அழற்சிக்கு ஹோமியோபதி மட்டும் போதுமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அண்ணனுக்கு இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி, ஹோமியோபதி மட்டும் போதுமா என்று. போதாது.

இந்த நோயில் மல்லாந்து படுத்தாலோ மூச்சை இழுத்தாலோ நெஞ்சில் சுருக்கென்று குத்தும். எழுந்து முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். பல நேரம் வைரஸ்தான் காரணம். ஆனால் நம் ஊரில் காசநோயையும் பார்த்தே ஆக வேண்டும். அதற்கு மருந்தே வேறு.

ஹோமியோபதியில் ஸ்பைஜீலியா, பிரையோனியா கொடுப்பார்கள். 30சி என்றால் நூறில் ஒரு பங்காக முப்பது முறை கரைத்தது. மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. அழற்சியை அது குறைத்ததற்கு நம்பகமான சான்றும் இல்லை. வைரஸால் வந்தது பெரும்பாலும் தானாகவே ஆறும், பெயர் மட்டும் உருண்டைக்குப் போய்விடும்!

வழக்கமான சிகிச்சை இப்யூபுரூஃபன் அல்லது ஆஸ்பிரின், கூடவே சுமார் 3 மாதத்துக்குக் கோல்சிசின். வேலியோரம் பூக்கிற செங்காந்தளில் இருப்பதும் இதே கோல்சிசின்தான். அதற்காகக் கிழங்கைத் தோண்டிவிடாதீர்கள், உயிரைக் குடிக்கும் நஞ்சு அது.

உறைக்குள் நீர் கோத்து இதயத்தை நெருக்கினால் ஆபத்து. மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் 108-ஐ அழைத்துப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இப்போதைக்கு ஈசிஜி, எக்கோ இரண்டும் எடுத்தாயிற்றா?