Re: பையன் மைன்கிராஃப்ட்டே கதின்னு இருக்கான், மேத்ஸ்ல மைனஸ் நம்பர் வந்தாலே தடுமாறுறான், கேமை டெலீட் பண்ணிடவா?

சகோ டெலீட் மட்டும் பண்ணிடாதீங்க, எங்க வீட்ல பண்ணிப் பாத்தோம், ரெண்டு நாள் சாப்பாட்டுல கோவம் காட்டுனதுதான் மிச்சம், மார்க் ஒண்ணும் ஏறல.

செவன்த் படிக்கிற பையன், மைனஸ் நம்பர்தான் பிரச்சனைன்னா மருந்து அந்த கேமுக்குள்ளயே கெடக்கு. போன்ல ஆடுறான்னா வேர்ல்ட் செட்டிங்ஸ்ல ஷோ கோஆர்டினேட்ஸ்னு ஒண்ணு இருக்கும், ஆன் பண்ணுங்க, நிக்கிற எடம் ஸ்க்ரீன் ஓரத்துல மூணு நம்பரா தெரியும். நடுவுல இருக்குறது உயரம். வீடு 64ல இருக்குன்னு வைங்க, வைரம் அதிகமா கெடைக்கிறது மைனஸ் 59 பக்கம், அப்போ எத்தன பிளாக் (கேம் உலகமே இந்த சதுரக் கட்டைங்களாலதான்) கீழ தோண்டணும்னு கேளுங்க. எங்காளு மொதல்ல 5ன்னான், நான் ஒண்ணும் சொல்லல, தோண்டட்டும்னு விட்டுட்டேன், பாதி வழியில அவனே "அப்பா ஜீரோ வரைக்குமே 64 ஆச்சே, அதுக்கப்புறம் இன்னும் 59 இருக்குப்பா, மொத்தம் 123"ன்னு கத்துறான். டியூஷன்ல நாலு மாசமா ஏறாதது.

அடுத்து நெதர், அதான் கேமுக்குள்ளயே இருக்குற இன்னொரு உலகம், அங்க ஒரு பிளாக் நடந்தா வெளிய 8 பிளாக் நடந்த மாதிரி, வெளிய மைனஸ் 640ல இருக்குற போர்ட்டலுக்கு (நெதருக்குப் போற வாசல்) ஜோடி வாசலை நெதருக்கு உள்ள எங்க கட்டணும்னா மைனஸ் 80, வகுத்தல் தானா வந்துரும்.

ஆனா தனியா விட்டா ஒண்ணும் நடக்காது, அரைமணி நேரம் பக்கத்துல நீங்க உக்காரணும், கணக்கை நோட்ல எழுத வைங்க, பரீட்சைக்கு அதுதான வேணும். கேம் வீடியோ பாக்குற நேரத்த வேணா தாராளமா வெட்டுங்க, அதுல பைசா பிரயோஜனமில்ல.